கேளாமல் செய்த தயவு

"சஹூலி, எங்க கோவில் உனக்குப் பிடிக்காதா?"

ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து இங்கெலின் இப்படிக் கேட்டாள். கேட்ட குரலில் குறும்பு இருந்திருந்தால் சஹூலி சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருப்பாள். குரலில் இருந்தது வருத்தம். அதனால்தான் அது தைத்தது. ஆசிரியரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைப்பது நார்வே நாட்டுப் பிள்ளைகளின் வழக்கம். அமைச்சரே வந்தாலும் அப்படித்தான் அழைப்பார்கள். அந்த ஒருமைக்கு அவள் என்றோ பழகிவிட்டாள்.

"யார் சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. அம்மா போன்ல ஸ்கூல் அறிவிப்பு வந்துச்சு. இந்த வருசம் கிறிஸ்துமசுக்கு ஸ்கூல்லேர்ந்து கோவிலுக்குப் போகலையாம். வேற மதத்து ஆளுங்க இங்க வேலை பாக்கறாங்களாம். அவங்க மனசு நோகக் கூடாதாம்."

"அதுக்கு ஏன் என்னைக் கேக்கறே?"

"பின்ன யாரைக் கேக்க? மரவேலை வாத்தியாரையா? அவரு மீன் பிடிக்கக்கூட இந்த ஊரைத் தாண்டினதில்லை."

வகுப்பு சிரித்தது. சஹூலியும் சிரிக்க முயன்றாள். வாய் ஒத்துழைக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதியிருந்ததையே மீண்டும் ஒருமுறை எழுதினாள்.

அவளுடைய முழுப்பெயரைப் பிழையின்றிச் சொல்ல வல்லவர் ஹெஸ்த்விக் ஊரில் ஒருவரும் இல்லை; முதற்பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். மடகாஸ்கர்த் தீவின் நடுமேட்டில், செம்மண் வரப்புகளுக்கு இடையே பிறந்தவள். நார்வேயின் தென்மேற்குக் கரையில் இருக்கும் இந்தச் சிற்றூர்ப் பள்ளிக்குப் பிரெஞ்சும் கணக்கும் சொல்லித்தர ஆள் கிடைக்காமல் தவித்தபோது, விண்ணப்பித்து வந்து சேர்ந்தாள். மூன்றாண்டுகள் ஆகிவிட்டன. கணவனும் மகளும் ஊரில் இருந்தார்கள். ஞாயிறுதோறும் கைப்பேசித் திரையில் வருவார்கள். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தாள். கடற்காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்து, மழையங்கியிலிருந்து நீர் சொட்டச் சொட்டப் பள்ளிக்கு வந்து, காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு பாடம் நடத்துவாள். நண்பகலில் மற்ற ஆசிரியர்கள் காகிதத்தில் பொதிந்த ரொட்டித் துண்டுகளைப் பிரிக்கும்போது அவள் சூடான சோற்றுக் குடுவையைத் திறப்பாள். திறக்குமுன் கண்மூடி ஆண்டவருக்கு நன்றி சொல்வாள். அந்தச் சிறு பொழுதில் மேசை முழுவதும் மெல்லுவதை நிறுத்திவிடும். அவள் கண் திறந்ததும் மழையைப் பற்றி யாரேனும் பேச்சைத் தொடங்குவார்கள். நீ என்ன ஜெபித்தாய், யாரிடம் ஜெபித்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேளாதிருப்பதே மரியாதை என்பது அவ்வூரார் கொள்கை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இவர்கள் எந்தத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றார்களோ, அதே லுத்தரன் திருச்சபையில்தான் அவளும் பெற்றாள். இந்தக் கரையிலிருந்து பாய்மரக் கப்பலேறிப் போன மிஷனரிமார்தாம் அவள் தாய்வழி முன்னோருக்கு எழுத்தையும் ஞானப்பாட்டையும் கொடுத்தார்கள். அவளுடைய ஊர்க் கோவிலின் வெண்கல மணியில் ஹெஸ்த்விக் என்ற பெயர் பொறித்திருக்கிறது. சிறுமியாய் இருந்தபோது, அது ஏதோ வானதூதனின் பெயர் என்றே நினைத்திருந்தாள். வேலைக்கான அறிவிப்பில் அந்தப் பெயரைக் கண்டபோது அழுதாள். மணியைக் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போகிறோம் என்று சபையில் எழுந்து சாட்சி சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் பள்ளி முழுவதும் வரிசையாக நடந்து ஊர்க் கோவிலுக்குப் போகும். போதகர் பேசுவார், பிள்ளைகள் பாடுவார்கள். வர விரும்பாதவர்களுக்குப் பள்ளியிலேயே வேறு நிகழ்ச்சி நடக்கும்; சிரியாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். சஹூலி தன் நாட்டு வெண்பட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, நான்கு குரல் பாட்டில் பெண்களுக்குரிய தாழ்ந்த குரலைப் பற்றிக்கொண்டு பாடுவாள். அந்த ஒரு நாளுக்காகவே டிசம்பரின் இருட்டை அவள் பொறுத்துக்கொண்டாள் என்று சொன்னாலும் தவறில்லை.

அந்த நாளைத்தான் இப்போது எடுத்துவிட்டார்கள். அதுவும் அவளுக்காக.

பள்ளி விட்டதும் கடைக்குப் போனாள். உருளைக்கிழங்குத் தொட்டியருகே இங்கெலினின் தந்தை சிக்பியோர்ன் நின்றிருந்தார். பால்மாடுகள் வைத்திருப்பவர், ஊரார் கூடி ஜெபிக்கும் ஜெபவீட்டின் தலைவர், நல்ல மனிதர். முதல் குளிர்காலத்தில் அவளுடைய சைக்கிளுக்கு பனியில் வழுக்காத ஆணிவைத்த சக்கரம் மாட்டிக்கொடுத்தவர். அன்று அவர் அவளைப் பார்த்ததும் கிழங்கைப் பார்த்தார். பிறகு, விட்டுவிட மனம் இல்லாமல், பக்கத்தில் வந்தார்.

"குளிருது இல்ல?"

"குளிருது."

"பாரு சஹூலி, நான் தப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா நம்ம பழக்கம் உனக்கு இடைஞ்சலா இருந்தா, நேரா எங்ககிட்டயே சொல்லியிருக்கலாம். ஹெட்மாஸ்டர்கிட்ட போயிருக்க வேணாம்."

"நான் யார்கிட்டயும் போகல சிக்பியோர்ன். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

"சரி, சரி. அதெல்லாம் உன் இஷ்டம். நாங்க புரிஞ்சுக்கறோம்."

"நீ புரிஞ்சுக்கல. நான் கேக்கவே இல்லைன்னு சொல்றேன்."

"சரி, சரி," என்றார் மீண்டும், தொழுவத்தில் மிரளும் கன்றைத் தட்டிக்கொடுப்பதுபோல. கிழங்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வாதாடினால் வெல்லலாம், தோற்கவும் செய்யலாம். 'சரி' என்று சொல்லிவிட்டு நகர்கிறவனை என்ன செய்வது? வரிசையில் நின்றபோது, தனக்கு முன்னால் இருந்த பெண் கூடையை வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளி வைத்தாள் என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவேளை தோற்றந்தானோ என்னவோ. ஒரு பொய், கேட்டவர் காதில் மட்டுமன்றி, யாரைக் குறித்துச் சொல்லப்பட்டதோ அவர் கண்ணிலும் நோயை வைத்துவிடுகிறது.

மறுநாள் முதல் மணிக்கு முன்பே தலைமையாசிரியர் தோர்லைவின் அறைக்குப் போனாள். மேசைமேல், கிறிஸ்துமசுக்கு முந்திய திருவருகைக் காலத்து நான்கு ஊதா மெழுகுவத்திகளில் இரண்டு எரிந்துகொண்டிருந்தன. அவர் காப்பி ஊற்றினார். கெட்டவர் அல்லர். எவர் மனமும் நோகாமல் ஓய்வு நாள் வரை பள்ளியை ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது ஒன்றே அவருடைய வேட்கை. அதைவிட ஆபத்தான வேட்கை வேறில்லை.

"அந்த அறிவிப்புல இருக்கற ஆளு நான்தானா?" என்று கேட்டாள்.

"யார் பேரையும் நாங்க போடலையே."

"இந்த ஸ்கூல்ல கறுப்பு முகம் ஒண்ணுதான் இருக்கு தோர்லைவ். பேர் எதுக்குப் போடணும்?"

அவர் காப்பிக் கோப்பையைத் திருப்பிவைத்தார். "நீதானே சொன்னே."

"என்ன சொன்னேன்?"

"நவம்பர்ல. கிறிஸ்துமஸ் விருந்துக்கு நீ வரலைன்னு சொன்னே. உன் விசுவாசத்துக்கு ஒத்துவராதுன்னு. என் காதாலேயே கேட்டேன்."

சஹூலிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

அந்நாட்டில் எந்த அலுவலகமும் கிறிஸ்துமஸ் விருந்து வைக்காமல் ஆண்டை முடிக்காது. நகரத்து விடுதியில் உலர்த்திய ஆட்டு விலாவும் அதற்குமேல் சாராயமும் பரிமாறப்படும். ஆண்டு முழுவதும் பேசாதவர்கள் அன்று கட்டிப்பிடித்து அழுவார்கள். விடிந்ததும் ஒருவரையொருவர் பார்க்கக் கூசுவார்கள். சஹூலி, எழுப்புதல் என்னும் பக்தி இயக்கத்தைச் சேர்ந்த, மதுவைத் தொடாத குடும்பத்துப் பெண். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருப்பவள். விருந்தோ வெள்ளியன்று. ஆகவே பணிவாக மறுத்திருந்தாள்.

"நான் வரலைன்னது குடிக்கற விருந்துக்கு," என்றாள்.

"அதுவும் கிறிஸ்துமஸ்தானே."

"அதுவா கிறிஸ்துமஸ்?"

"உனக்கு எது சங்கடம், எது சங்கடமில்லைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டாத் தெரியும். வாய் இருக்கு இல்ல? உங்க சாராயத்தை வேணாம்னேன். நீ என் கோவிலை எடுத்துட்டே. ஊர்ல இருக்கற ஒவ்வொரு தாயும் நான் அவ பிள்ளையோட கிறிஸ்துமசைத் திருடிட்டேன்னு நெனைக்கறா. நாளைக்கே இன்னொரு அறிவிப்பு அனுப்பு. நான் கேக்கலைன்னு சொல்லு."

தோர்லைவ் சாளரத்துக்கு வெளியே பார்த்தார். "இப்ப மறுபடி ஏதாவது அனுப்பினா ரகளை பெருசாகும். போதகர்கிட்ட சொல்லியாச்சு. உடற்பயிற்சிக் கூடத்துல பாட்டும் கேக்கும் ஏற்பாடு பண்ணியாச்சு. காத்து தானா அடங்கும் சஹூலி. உன்மேல யாருக்கும் கோபம் இல்ல. எல்லாரும் உன்னைப் புரிஞ்சுக்கறாங்க."

'புரிஞ்சுக்கறாங்க.' நேற்றிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த வசைச்சொல் அதுதான். அவள் காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

ஆசிரியர் அறையில் ஓஷில் தனியே இருந்தாள். பாட்டு ஆசிரியை, சஹூலியோடு ஊர்ப் பாடகர் குழுவில் ஒன்றாகப் பாடுகிறவள். அந்த ஊரில் தோழி என்று சொல்லத்தக்கவள் அவள் ஒருத்தியே.

"உனக்குத் தெரியுமா ஓஷில், அவர் இப்படிச் செய்யப்போறார்னு?"

ஓஷில் ரொட்டியைக் கீழே வைத்தாள். "கூட்டத்துல பேசினாங்க. நீ அன்னைக்குப் பட்டணத்துக்குப் போயிருந்தே."

"பேசினப்போ நீ என்ன சொன்னே?"

"உண்மையைச் சொல்லட்டுமா? ரெண்டு பேர் உடம்பு சரியில்லாம லீவு. கோவிலுக்கு வராத பிள்ளைங்களை ஸ்கூல்ல வெச்சுப் பாத்துக்க ஆள் போதல. ரெண்டு நிகழ்ச்சி நடத்த முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதை அப்படியே எழுதினா, நிர்வாகம் சரியில்லைன்னு பேரு வந்துரும். அப்ப தோர்லைவ், சஹூலிக்கும் இது சௌகரியமா இருக்கும்னு சொன்னார். எல்லாரும் தலையாட்டிட்டோம்."

"நீயுமா?"

"நீ தப்பா எடுத்துக்க மாட்டேன்னு நெனச்சேன்."

"என்கூட ஒரே புத்தகத்தைப் புடிச்சுக்கிட்டுப் பாடறவ நீ. என் விசுவாசம் என்னன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே தலையாட்டினே."

"எனக்குச் சண்டை போடத் தெரியாது சஹூலி."

"சண்டை யார் போடச் சொன்னா? 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை போதுமே."

ஓஷில் அழுதுவிடுவாள் போலிருந்தது. ஆனால் சஹூலிக்கு அப்போது இரக்கம் வரவில்லை. அறியாமையால் செய்த தலைமையாசிரியரைக்கூட ஒருபுறம் வைத்துவிடலாம். அறிந்தும் வாய்மூடி இருந்தவளை எந்தப் பக்கம் வைப்பது? ஆள் போதாத குறையை மறைக்க ஓர் அந்நியப் பெண்ணின் தெய்வநம்பிக்கையை எடுத்துத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டார்கள். அதற்குப் பெயரும் வைத்தார்கள், தயவு என்று.

அடுத்த நாள் விடியற்காலையில் அவள் முழந்தாளிட்டபோது ஜெபம் வரவில்லை, முறையீடுதான் வந்தது. 'ஆண்டவரே, பழித்தவர்களைப் பொறுத்துக்கொள் என்று சொல்வீர், பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் உம்முடைய பெயரையும் சேர்த்தல்லவா பொய்யில் இழுத்தார்கள்? நான் உம்மை வேண்டாமென்று சொன்னதாக அல்லவா இந்த ஊர் நம்புகிறது? இதையும் பொறுக்கவா?' மறுமொழி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எழுந்தபோது, பொறுக்கவேண்டியதில்லை என்ற தெளிவு மட்டும் இருந்தது.

அன்று மாலை ஜெபவீட்டில் மிஷன் சந்தை. திருவருகைக் காலத்தில் ஆண்டுதோறும் நடப்பது. ஊர்ப் பெண்கள் குளிர்காலம் முழுவதும் பின்னிய காலுறைகளும் கையுறைகளும் ஏலத்துக்கு வரும். இடையிடையே பாட்டும், காப்பியும், இதழிதழாய்ச் சுட்ட அப்பமும். சேரும் பணம் மடகாஸ்கருக்குப் போகும். கொள்ளுப்பாட்டிமார் காலத்திலிருந்து அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. கடந்த ஆண்டுகளில் சிக்பியோர்னின் மனைவியே வந்து சஹூலியைக் கைப்பிடித்து அழைத்துப்போய், முன்னால் உட்காரவைத்து, ஒரு பாட்டும் பாடச் சொல்வாள்; மரியாதைக்காகப் பாடுகிறாள் என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். இந்த ஆண்டு யாரும் வரவில்லை. அழைத்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று இதையும் அவளுக்காக யோசித்து முடித்துவிட்டார்கள்.

அவள் வெண்பட்டுச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு தனியே போனாள்.

கதவைத் திறந்ததும் பேச்சொலி தணிந்தது. கதவருகே இருந்தவர்கள் புன்னகைத்தார்கள், இடமும் விட்டார்கள், தேவைக்கு மேல் விட்டார்கள். மேடைமேல் சிக்பியோர்ன் நின்று ஏலம் கூறிக்கொண்டிருந்தார். அவர் கையில் சிவப்பும் வெள்ளையுமான காலுறை ஜோடி ஒன்று தொங்கியது. நடுவரிசையில் தோர்லைவும் அவர் மனைவியும் இருந்தார்கள். பின்னால், காப்பிப் பாத்திரத்தின் அருகில், ஓஷில்.

"இந்த ஜோடிய யாரு கேக்கறா? வெறும் கம்பளி. பொண்டாட்டி கால் ராத்திரி சில்லுன்னு இருக்குன்னு புலம்பறவங்க கைய தூக்குங்க," என்றார் சிக்பியோர்ன். சிரிப்பு எழுந்தது. பின்வரிசைக் கிழவர் ஒருவர் கையைத் தூக்கி, "எனக்குப் பொண்டாட்டியே இல்ல, இருந்தாலும் குடு," என்றார்.

சஹூலி நடைபாதையில் நேரே முன்னால் நடந்தாள்.

"சிக்பியோர்ன், இந்தக் காலுறைப் பணம் எங்க போகுது?"

அவர் விழித்தார். "உனக்குத்தான் தெரியுமே. உங்க நாட்டுக்கு."

"எதுக்கு?"

"மிஷனுக்கு. கோவில் கட்ட, பாட்டு அச்சடிக்க, அந்த மாதிரி."

"அப்ப நான் யாரு?"

காப்பிப் பாத்திரத்தின் மூடி மட்டும் ஆவியில் ஆடிக்கொண்டிருந்தது. பத்துப்பேர் நடுவே குரலை உயர்த்துவதைக் களவுக்கு அடுத்த குற்றமாகக் கருதும் ஊர் அது. சஹூலி அதை நன்றாக அறிவாள். அறிந்தே கூட்டத்தை நோக்கித் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையும் இருக்கவில்லை.

"எங்க ஊர்க் கோவில் மணியில உங்க ஊர் பேரு இருக்கு. இப்படிக் காலுறை பின்னி வித்த காசுல வாங்கின மணி. அது அடிச்சு என் தாத்தா கோவிலுக்குப் போனாரு, நான் போனேன், இப்ப என் மக போறா. நீங்க குடுத்ததைத்தான் நான் கும்பிடறேன். அப்புறம், உங்க கோவிலைப் பாத்தா எனக்கு மனசு நோகும்னு எப்படி நம்பினீங்க? என் தோலைப் பாத்தா? இந்தக் காலுறையை ஆசையா வாங்கறீங்க. அதுக்குப் பலனா வந்து நிக்கறவளைப் பாத்து, நீ யாரு, எதை நம்பறேன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. தூரத்துல இருக்கறவரைக்கும் நாங்க உங்க பிள்ளைங்க. பக்கத்துல வந்தா வேத்து மதமா?"

முன்வரிசையில் ஒரு மூதாட்டி தலைகுனிந்தாள். சஹூலி விடவில்லை.

"அந்தச் சிரியாக் குடும்பத்துகிட்டயும் யாரும் கேக்கலையாம். நேத்து நான் போய்க் கேட்டேன். 'போன வருசம் எங்க பிள்ளைங்க ஸ்கூல்லயே இருந்துச்சுங்க, நல்லாத்தான் இருந்துச்சு, மத்தவங்க கோவிலுக்குப் போனா எங்களுக்கு என்ன?'ன்னு அந்தம்மா கேக்கறா. அப்ப யாருக்காக இது? தோர்லைவ், நீ இங்க இருக்கே. எல்லார் முன்னாலயும் கேக்கறேன். கோவில் வேணாம்னு நான் உன்கிட்ட கேட்டேனா?"

எல்லார் தலைகளும் திரும்பின. தோர்லைவின் முகம், கழுத்திலிருந்து தொடங்கி நெற்றிவரை சிவந்தது. அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை நாளைக்கு ஆபீசுல வெச்சு..."

"ஆபீசுல வெச்சுத்தான் நேத்தே கேட்டேன். நீ ஊருக்குச் சொன்னதை ஊர் முன்னாலேயே திருப்பி வாங்கணும். கேட்டேனா?"

பிறகு அவர் எழுந்து நின்றார். நிற்காமலே சொல்லியிருக்கலாம், ஆனாலும் நின்றார். அந்த அளவுக்காவது அவரிடம் ஓர் ஆண்மை மிச்சமிருந்தது.

"இல்ல. கேக்கல."

"பின்ன ஏன்?"

"ஆள் பத்தல. ரெண்டு இடத்துல பாத்துக்க முடியல." மனைவி பக்கம் பார்க்காமல் தொடர்ந்தார். "உன் பேர்ல போட்டா யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்கன்னு நெனச்சேன்."

பின்னாலிருந்து ஓஷிலின் குரல் வந்தது. "நாங்களும் தலையாட்டினோம். எல்லா வாத்தியாரும்."

சஹூலி திரும்பிப் பார்க்கவில்லை. ஆசிரியர் கூட்டத்திலேயே வந்திருக்க வேண்டிய சொல் அது; ஆயினும் வந்துவிட்டது. அதை மறுக்க அவளால் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. சிக்பியோர்ன் கையில் இருந்த காலுறையை என்ன செய்வதென்று அறியாமல் மேசைமேல் வைத்தார். பெண்களில் ஒருத்தி, "காப்பி குடிக்கலாம்," என்றாள். அந்த ஊரில் எந்த இடிவிழுந்தாலும் அடுத்துச் சொல்லப்படும் சொல் அதுவே. நாற்காலிகள் நகர்ந்தன. சஹூலி காப்பிக்கு நிற்காமல் மழைக்குள் இறங்கினாள்.

மறுநாள் மாலை பெற்றோர்களுக்குப் புதிய அறிவிப்பு போயிற்று. முந்திய ஆண்டுகளைப் போலவே பள்ளி கோவிலுக்குப் போகும்; கோவிலை நிறுத்தும்படி பணியாளர் எவரும் கேட்கவில்லை; அப்படித் தோன்றச் செய்தது தலைமையாசிரியரின் தவறு; அதற்கு அவர் வருந்துகிறார். அனுப்புமுன் தோர்லைவ் அதை அவளிடம் வாசித்துக் காட்டினார். முதலில், 'சில தவறான புரிதல்கள் ஏற்பட்டுவிட்டன' என்றுதான் இருந்தது. "மழை பெய்யற மாதிரி தானாவா ஏற்பட்டுச்சு?" என்று அவள் கேட்டாள். அவர் அந்த வரியை அழித்துவிட்டு மீண்டும் எழுதினார்.

எழுதி முடித்ததும் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். "ஆனா பாரு, ஸ்கூல்ல தங்கற பிள்ளைங்களைப் பாத்துக்க இன்னும் ஆள் இல்ல. நீ நல்லா விளையாட்டுக் காட்டுவே. அன்னைக்கு மட்டும் நீ..."

சஹூலி தன் வாழ்நாளில் மேலதிகாரி ஒருவரை அப்படி முறைத்துப் பார்த்ததில்லை. கோவிலுக்காகப் போராடியவளையே கோவிலுக்குப் போகாமல் நிறுத்திவைக்கும் யோசனை, ஒரு மனிதனுக்கு இவ்வளவு இயல்பாக, இவ்வளவு கள்ளமின்றி வரக்கூடுமா? வந்தது; ஏனென்றால் அவர் மனத்தில் அவள் இன்னும் வேற்று மதத்தார் பக்கத்தில்தான் இருந்தாள். ஒப்புக்கொண்ட பிறகும், வருத்தம் தெரிவித்த பிறகும்.

"நான் என் வகுப்போட கோவிலுக்குப் போவேன்," என்றாள். "அந்தப் பிள்ளைங்களை நீ பாத்துக்க. உனக்குச் சதுரங்கம் தெரியும்தானே?"

"நான் தலைமையாசிரியர். கோவில்ல நான் இருக்க வேண்டாமா?"

"போன வருசம் கடைசி வரிசையில தூங்கிட்டுத்தானே இருந்தே."

பிறகு, தம்மையும் மீறிச் சிறிது சிரித்தார். சஹூலி சிரிக்கவில்லை. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

விடுமுறைக்கு முந்திய நாள் பள்ளி வரிசையாக நடந்து கோவிலுக்குப் போயிற்று. வானம் மைபூசினாற்போல் இருந்தது. காற்று பிள்ளைகளின் தொப்பிகளைப் பறித்துக்கொண்டு ஓடியது. தலைமையாசிரியர் பள்ளியிலேயே தங்கி, சிரியாச் சிறுமியிடம் சதுரங்கத்தில் தோற்றுக்கொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. இங்கெலின் சஹூலியின் பக்கத்தில் நடந்து வந்தாள். ஒட்டி நடந்தாள், அவ்வளவுதான்.

ஆராதனையில் சஹூலி வழக்கம்போல் முன்வரிசையில் அமர்ந்து தாழ்ந்த குரலைப் பிடித்தாள். ஓஷில் இசைக்கருவியின் முன்னிருந்து, அவள் குரல் வந்து சேர்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சேர்ந்தது. ஆனால் சினம் ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆறாத சினத்தோடு ஆண்டவர் சந்நிதியில் நிற்கலாகாது என்று அவளுக்குச் சிறுவயதில் சொல்லித்தந்திருந்தார்கள். இம்முறை அதை வாசலில் கழற்றிவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டே உள்ளே வந்தாள். பாட்டின் நடுவிலும் அது அவளோடு இருந்தது. நியாயமான கோபத்தை அவர் பாவமாகக் கணக்கிட மாட்டார் என்று நம்பினாள்.

வெளியே வந்தபோது சிக்பியோர்ன் கல்மதிலருகே காத்திருந்தார். பால் கறக்கும் வேளையில் மாடுகளை விட்டுவிட்டு வந்திருந்தார். மேலங்கியில் தொழுவத்தின் வாடை வீசியது. கையில் ஒரு பொதி.

"ஆட்டு விலா. நம்ம வீட்டு ஆடு. நானே உப்புப் போட்டுக் காயவெச்சது."

"எதுக்கு?"

அவர் கால்மாற்றி நின்றார். அந்த ஊரில் மன்னிப்பு என்பது கதவருகே வைத்துவிட்டுப் போகும் கிழங்கு மூட்டை. இரவோடிரவாகச் சரிசெய்யப்பட்ட வேலி. வாயால் கேட்பது வழக்கம் இல்லை. வாங்கிக்கொள்பவரும் ஒன்றும் கேளாமல் வாங்கிக்கொள்வார். கணக்கு தீர்ந்தது.

சஹூலி கையை நீட்டவில்லை. "எதுக்குன்னு கேட்டேன்."

"கிறிஸ்துமசுக்கு."

"அதுக்கு மட்டுமா?"

பிள்ளைகள் சுற்றிலும் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இங்கெலின் சற்றுத் தள்ளி நின்று தந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார். மழை தலையில் இறங்கியது.

"கடையில வெச்சு நீ சொன்னே, கேக்கவே இல்லைன்னு. நான் நம்பல," என்றார். "உன்னை நம்பியிருக்கணும். இல்லாட்டி, சரி சரின்னு போகாம, என்ன நடந்துச்சுன்னு நின்னு கேட்டிருக்கணும். தப்பு என்மேல. மன்னிச்சுரு."

இப்படிக் கேட்டவருக்கு, 'பரவாயில்லை, அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று உடனே சொல்லிவிடுவதே அவ்வூர் நாகரிகம். சஹூலியின் நாக்கு நுனிவரை அது வந்தது. மூன்றாண்டுகளாக எத்தனையோ முறை, சொல்லத் தகாத இடங்களிலும் அதைச் சொல்லியிருக்கிறாள்.

"ஆமா, கேட்டிருக்கணும்," என்றாள்.

பிறகு பொதியை வாங்கிக்கொண்டாள்.